இந்தக் கடிதத்தை நானே எழுதினேன்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பரிந்துரைக் கடிதம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் எனக்கு நடந்தது புரியாது.

வெளிநாட்டு அரசு தரும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். அவர்களுடைய இணையதளத்தில் தன் மதிப்பெண்கள், ஆய்வுத் திட்டம் எல்லாவற்றையும் ஏற்றுகிறார். கடைசிப் பக்கத்தில், தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய பேராசிரியரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கிறார். அடுத்த நொடியே பேராசிரியருக்கு ஓர் இணைப்பு போகிறது. அதைத் திறந்தால் ஒரு படிவம். இவரை எத்தனை வருடமாகத் தெரியும், நீங்கள் பார்த்த மாணவர்களில் இவர் எந்த இடத்தில் நிற்பார் என்று சில கேள்விகள், அப்புறம் கடிதத்தை ஏற்ற ஓர் இடம். எல்லாவற்றுக்கும் கீழே சின்னதாக ஒரு கட்டம்: 'இந்தக் கடிதத்தை நானே எழுதினேன்.' அதில் டிக் போட்டால்தான் 'அனுப்பு' என்கிற பொத்தான் உயிர் பெறும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை எவரும் நம்பமாட்டார்கள் அல்லவா? அதனால் மாணவரின் கையில் படாமல், பேராசிரியரின் வாயிலிருந்து குழுவின் காதுக்கு நேராகப் போகும்படி ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் குழாயில் எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஓட்டை உண்டு. இணைப்பு பேராசிரியருக்கு வந்த ஐந்தாவது நிமிடம் அது எனக்கு வந்துவிடும். மேலே ஒரே வரி: 'பார்த்துச் செய்யவும்.'

நாங்கள் அவரை 'சீல்' என்போம், அவர் இல்லாதபோது. எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரையை வாயால் ஊதி, பக்கத்தில் ஒரு குத்து குத்துவார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எப்போதோ புத்தி வந்திருக்கும். யாரையும் திட்டமாட்டார், யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். எழுதுவதற்கு மட்டும் நேரம் இருக்காது. அவருடைய கடவுச்சொல் அவர் மேசை விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும். அவருடைய முதல் காரின் எண்.

ஒன்பது வருடத்தில் பதினெட்டுப் பேருக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் பதினான்கு பேர் போய்விட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பொருளானாலும் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, கடிதமும் அப்படித்தான். 'மிகச் சிறந்த மாணவர்' என்று பத்துத் தடவை எழுதினால் படிப்பவர் கொட்டாவி விடுவார். ஒரு நாள் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எழுதினால் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம் ஒரு குறை சொல்ல வேண்டும். குறையே சொல்லாத கடிதம் குறையே இல்லாத மனிதன் மாதிரி, பக்கத்தில் போகவே யோசனையாக இருக்கும். ஆனால் குறை உண்மையாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும்.

இந்த வருடம் இணைப்புகள் இரண்டு வந்தன. ஒன்று சுத்தியலுக்கு. இன்னொன்று எனக்கு.

சுத்தியல் எங்கள் ஆய்வகத்தின் இளையவன். இருபத்தாறு வயது. எப்போதும் சட்டைப்பையில் ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்பதால் அந்தப் பெயர். எங்கள் வேலையே தட்டிப் பார்ப்பதுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் தேய்ந்து சிறுத்துப் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது பெருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் இடம் ஏது? உள்ளேயிருந்து நெட்டித் தள்ளும். சுவரில் விரிசல் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். விரிசல் வருவதற்கு முன்பே, தட்டிப் பார்த்து, திரும்பி வரும் ஒலியை வைத்து, துரு எங்கே தொடங்கியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? இதுதான் ஒன்பது வருடமாக என் கேள்வி. வெளிநாட்டில் ஓர் அம்மாள் இதே கேள்வியை வேறொரு வழியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் கட்டுரையை அனுப்பினேன். 'உங்கள் மூன்றாவது வரைபடத்தை என் மாணவர்களுக்குக் காட்டினேன். நீங்கள் வந்தால் எங்களுக்கு நல்லது' என்று பதில் போட்டார். அந்தப் பதிலை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஆனால் அந்த அம்மாளின் சம்மதம் கதவைத் திறக்கும் சாவிதான். அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் நூறு. படிப்புக்கு முப்பது, ஆய்வுத் திட்டத்துக்கு நாற்பது, பரிந்துரைக்கு முப்பது. கடைசித் தேதியன்று முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. எனக்கு நிரம்ப, அந்தத் தேதிக்கு மேல் மூன்று வாரம் இருந்தது. போன முறைகளில் ஏன் போகவில்லை என்றால், ஒரு தடவை திட்டம் முடியட்டும் என்று சீல் சொன்னார், ஒரு தடவை மொழித் தேர்வுச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, மற்றபடி யாராவது ஒருவருக்கு என்னுடையதைவிட அவசரமாக இருந்தது. இது கடைசி.

இணைப்பு வந்த அன்று சுத்தியல் என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, எனக்கும் லிங்க் போயிருக்கு. சார் உங்களுக்குத் தள்ளிட்டாரா?"

"வந்திருச்சு."

"நீங்களும் போடறீங்கள்ல?"

"போடறேன்."

"அப்ப உங்க லெட்டரை யாருக்கா எழுதுவா?"

இருவரும் சிரித்தோம். அது நல்ல ஜோக்தான்.

இருந்தாலும் சீலிடம் போய்க் கேட்டேன். "சார், என்னோடதை மட்டும் நீங்களே எழுதினா நல்லாருக்கும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன்னோடதுதாம்மா ரொம்ப சுலபம். உன்னைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

அந்த நேரத்தில் அது எனக்குப் பாராட்டாகப் பட்டது.

சுத்தியலின் கடிதத்தை முதலில் எழுதினேன். அடுத்தவருக்கு எழுதுவது எனக்குக் கை வந்த கலை. சம்பவம் ஒன்று வேண்டும். எங்களிடம் ஒரு நல்ல சம்பவம் இருந்தது.

கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து அழுத்தி உடைப்போம். எத்தனை பளுவில் உடைகிறது என்பதைத் திரையில் ஓடும் எண் சொல்லும். எண் ஏறிக்கொண்டே போய், கட்டி உடைந்ததும் சட்டென்று விழ வேண்டும். மூன்று வாரமாக எங்கள் கட்டிகள் எல்லாம் இருக்க வேண்டியதைவிடப் பலசாலிகளாக இருந்தன. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் உறுத்தியது. 'டப்' என்று உடைந்த பிறகும் எண் அரை நொடி ஏறுகிறது. செத்தவன் எழுந்து நடப்பானா? கட்டியில் வலு இல்லை, அளவெடுக்கும் உணரியில்தான் கோளாறு. "சார், சத்தம் முன்னால வருது, நம்பர் பின்னால வருது" என்று வாசலில் நின்றுகொண்டிருந்த சீலிடம் அன்று சொன்னேன். "ஓ" என்றார். சுத்தியல் அடியில் படுத்து, உணரியின் திருகு ஆணி தளர்ந்திருப்பதைக் கண்டு, முடுக்கினான். ஆக, கேட்டது நான், முடுக்கியது அவன்.

இரண்டு கடிதமும் ஒரே குழுவுக்குப் போகின்றன, ஒரே கையெழுத்துடன். ஒரே சம்பவத்தை இரண்டிலும் சொல்ல முடியாது. ஒரே சட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்த மாதிரி இருக்கும். அதனால் அவனுக்குக் கொடுத்தேன். 'மூன்று வாரமாக எவரும் கவனிக்காத கோளாறை, ஒலிக்கும் எண்ணுக்கும் இடையிலான அரை நொடியை வைத்து இந்த இளைஞர் கண்டுபிடித்தார்.' நல்ல வாக்கியம். அதை எழுதிய பிறகு மாற்ற மனம் வரவில்லை. கையெழுத்துக்கு நீட்டியபோது, அதிசயமாக, சீல் கூட அந்த ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படித்து, "பலே" என்றார்.

என்னுடையதற்கு உட்கார்ந்தேன். ஆறு நாள் உட்கார்ந்தேன். 'இவர் அறிவுக்கூர்மை மிக்கவர்' என்று எழுதிப் பார்த்தேன். என் கையே என்னைப் பார்த்துச் சிரித்தது. அழித்தேன். 'கடின உழைப்பாளி' என்று எழுதினேன், அது நின்றது. 'நேரம் தவறாதவர்', நின்றது. 'ஆய்வகத்தின் நிர்வாகப் பணிகளில் இவருடைய உதவி அளப்பரியது', அதுவும் நின்றது, ஏனென்றால் அது உண்மை. கூச்சம் இருக்கிறதே, அது ஒரு வடிகட்டி. சின்னச் சின்னப் பெருமைகளைப் போக விடும், பெரியதைப் பிடித்து நிறுத்திவிடும். கடைசியில் குறை ஒன்று வேண்டுமே என்று எழுதினேன்: 'பிறருடைய வேலைக்குத் தாராளமாக நேரம் கொடுப்பதால் சில சமயம் இவருடைய சொந்த ஆய்வு தாமதமாகிறது.' பத்தொன்பது பேருக்கு இப்படி அழகான குறைகள் கண்டுபிடித்தவள்தானே நான்.

கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு இணையதளம் மூடும். சீல் வெளியூரில் வாய்மொழித் தேர்வு நடத்தப் போயிருந்தார். அவர் அறையில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சுத்தியலின் கடிதத்தை ஏற்றினேன். டிக் போட்டேன். அனுப்பினேன். என்னுடையதை ஏற்றினேன். இந்த முறை படிவம் ஒரு கேள்வியை நீட்டியது. அதுவரை நான் பார்க்காத கேள்வி. ஏனென்றால் வருடத்துக்கு இரண்டு சுற்று நடந்தாலும், இதுவரை எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரே சுற்றுக்கு இரண்டு பேர் போனதில்லை.

'நீங்கள் இந்தச் சுற்றில் இருவரைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். ஒருவருக்கு மட்டுமே இடம் இருந்தால் யாரை முதலில் வைப்பீர்கள்?'

போன் செய்தேன்.

"சார், ஒருத்தருக்குத்தான் இடம்னா யாருக்குக் குடுக்கலாம்னு கேக்குது."

"ரெண்டு பேரும் நல்ல பசங்கதானே. ரெண்டையும் ஒண்ணுன்னு போடு."

"போட்டுப் பாத்தேன் சார். ஏத்துக்கல."

அந்தப் பக்கம் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது. யாரோ அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"அப்ப நீயே பாத்துப் போடும்மா. இதுக்கெல்லாமா போன் பண்ணுவே?"

மணி நாலு நாற்பது. என் பெயருக்கு எதிரில் ஒன்று என்று போட்டேன். அவர் பெயரில் திறந்திருக்கும் பக்கத்தில், அவர் நாற்காலியில், என் பெயரும் அந்த ஒன்றும். பந்தியில் பரிமாறுகிறவள் எல்லாருக்கும் முன்னால் தன் இலையில் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. என்றாவது எவராவது 'இதை யார் போட்டது?' என்று கேட்டால் 'நான்தான்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அவனை முதலில் வைத்தால் எவரும் எப்போதும் கேட்கமாட்டார்கள். இன்னொன்றும் நினைத்தேன், இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கடிதம், எண் எல்லாம் ஒரு சம்பிரதாயம், என் ஆய்வு தானே பேசிக்கொள்ளும் என்று நினைத்தேன். கான்கிரீட் கூடத் தட்டினால்தான் பேசும் என்று ஒன்பது வருடம் நிரூபித்தவள் நான்.

மாற்றினேன். அவன் ஒன்று, நான் இரண்டு. டிக் போட்டு அனுப்பினேன். மணி நாலு ஐம்பத்திரண்டு.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை பதினொரு மணிக்கு முடிவு வந்தது. என்னுடையதை நான் படித்து முடித்த நேரத்தில் சுத்தியல் வந்தான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வந்தான்.

"அக்கா, எனக்கு வந்திருச்சு. உங்களுக்கு?"

"இன்னும் பாக்கல."

நம்பினானா தெரியாது. மதிப்பெண் தாளை நீட்டினான். படிப்பு இருபத்தாறு, திட்டம் இருபத்தேழு, பரிந்துரை இருபத்தொன்பது. மொத்தம் எண்பத்திரண்டு. எண்பதோ அதற்கு மேலோ வாங்கியவர்களுக்கு இடம்.

"இதுல பாருங்க, பரிந்துரைப்பவர் என்னை ஒண்ணாவதா போட்டிருக்காராம். நான் நினைக்கவே இல்லக்கா. ரெண்டு வருஷமா சார் என்னைக் கவனிக்கவே இல்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். என் பேராவது தெரியுமான்னு சந்தேகம்." அவன் கண் கலங்கியிருந்தது. "லெட்டர் நீங்க எழுதினது, அது தெரியும். இது அவரா போட்டதுதானே?"

"ஆமா" என்றேன். "கவனிச்சிருக்காரு."

என்னுடைய தாளில் படிப்பு இருபத்தேழு. திட்டம் முப்பத்தேழு, அந்தச் சுற்றிலேயே மிக அதிகம் என்று அடிக்குறிப்பு இருந்தது. பரிந்துரை பதினான்கு. மொத்தம் எழுபத்தெட்டு. கீழே காரணம் எழுதியிருந்தார்கள்: 'பரிந்துரைப்பவரின் கடிதம் நம்பகமான ஓர் உதவிப் பணியாளரைக் காட்டுகிறது, சுயமாக ஆராயக்கூடிய ஒருவரைக் காட்டவில்லை. பிறர் வேலையால் சொந்த ஆய்வு தாமதமாகும் என்று பரிந்துரைப்பவரே கவலை தெரிவிக்கிறார். அவரே வேறொரு விண்ணப்பதாரரை இவருக்கு மேல் வைத்திருக்கிறார்.'

தாளைச் சீலிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். அவர் முகம் உண்மையாகவே வாடியது.

"என்னம்மா இது? உனக்கு நான் நல்லாத்தானே எழுதியிருந்தேன்?"

பொய் சொல்லவில்லை அவர். அப்படித்தான் நம்பினார். இருபது கடிதத்தையும் தானே எழுதியதாகத்தான் அவர் மனதில் இருந்தது. நான் ஏதோ தட்டச்சு செய்து கொடுத்தேன் என்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். மடித்த போர்வையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி" என்றாள். "அவனை ஒண்ணுன்னு போட்டது யாருடி?"

"நான்தான்."

"கை எங்க? காட்டு. அந்தக் கையைத்தான் பாக்கணும்."

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "விடு" என்றார். "நான் கூடத்தான் ஊர்ல இருக்கறவனையெல்லாம் இருபதாவது மாடிக்கு ஏத்தி விடறேன். சாப்பாட்டுப் பையைத் தூக்கிட்டுப் படியில இறங்கறது யாரு? நம்ம குடும்பத்துக்கே அதான் உத்தியோகம்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று கேட்டாள்.

முடியும். விதிகளைக் கடைசி வரி வரை படிக்கிறவள் நான். முடிவு வந்து பத்து வேலை நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். விண்ணப்பதாரர் எதுவும் சொல்லக் கூடாது. பரிந்துரைப்பவர் மட்டும் அரைப் பக்கத்தில் ஒரு துணை அறிக்கை தரலாம். வயது பழைய கடைசித் தேதியின்படியே கணக்காகும். எனக்கு வேண்டியது இரண்டே மதிப்பெண்.

"அப்ப அந்த அரைப் பக்கத்தை இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுது" என்றாள் அக்கா. "உன்னைப் பத்தி எழுதறோம்னு நினைக்காத. என்னைப் பத்தி எழுதறதா நினைச்சுக்க."

எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரே மூச்சில். கேட்டது யார், முடுக்கியது யார் என்று இருந்தது இருந்தபடி எழுதினேன். மூன்றாவது வரைபடத்தைப் பற்றி எழுதினேன். ஒரு 'அளப்பரிய' கூட இல்லை. என் இருபத்தொரு கடிதங்களில் அதுதான் உசத்தி. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் அதை அனுப்பக் கூடாது என்றும் முடிவு செய்தேன். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. பதினான்கு மதிப்பெண் என் கூச்சத்துக்குக் கிடைத்தது. அவர் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஒன்பது வருடம் அவர் கண்ணெதிரே வேலை செய்திருக்கிறேன். சத்தம் முன்னால் வருகிறது என்று அவரிடம்தான் சொன்னேன். அவர் மனதில் என்னைப் பற்றி ஒரு கடிதம் இருக்கத்தான் வேண்டும். அதை எழுதும் வேலையை நான்தான் இதுவரை அவருக்குக் கொடுக்கவில்லை.

பத்தாவது நாள் காலை அவர் அறைக்குப் போனேன்.

"சார், இந்த அரைப் பக்கத்தை நீங்களே எழுதணும்."

"நானா?"

"ஆமா சார். கையால எழுதினாப் போதும். நான் டைப் பண்ணிக்கறேன்."

"நீ எழுதிக் கொண்டாந்தா நான் ஒரு நிமிஷத்துல பாத்துடுவேனே."

"நான் எழுதக் கூடாது சார். அதுல நான் தேறல."

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து பேனா தேடினார். முதல் பேனா எழுதவில்லை. இரண்டாவது சிவப்பு. என் பேனாவைக் கொடுத்தேன். நான் எதிரில் உட்கார்ந்தேன். வெளியே போகச் சொல்லவில்லை அவர்.

இருபத்தைந்து நிமிடம் எழுதினார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "உன் தலைப்பு என்னம்மா? துரு, அதுல சரியா என்ன?" என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொண்டார். இன்னொரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தியல் கட்டி உடைக்கிறான். டப். எண் அதே நொடியில் விழுந்திருக்கும். இப்போதெல்லாம் சரியாக விழுகிறது.

தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். வியர்த்திருந்தார். உண்மையாகப் பாடுபட்டிருந்தார். நான்கு வரி.

'இவரை எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர். இவர் இல்லாவிட்டால் என் ஆய்வகத்தின் காகித வேலைகள் நின்றுவிடும். எங்கள் இயந்திரத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறை என் மாணவர் ஒருவர் கண்டுபிடித்தபோது, இவர் அவருக்கு உறுதுணையாக இருந்தார்.'

மறுபடி படித்தேன்.

"சார், அந்தச் சத்தத்தைக் கேட்டது நான்."

"எந்தச் சத்தம்?"

"பிரஸ்ல. நம்பர் பின்னால வருதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே. நீங்க வாசல்ல நின்னுக்கிட்டிருந்தீங்க."

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். "அது அந்தப் பையன் இல்ல? அவன் லெட்டர்ல அப்படித்தானே எழுதியிருந்தோம்?"

"நான் எழுதினேன் சார்."

"ம்" என்றார். "நல்லாத்தான் எழுதியிருந்தே. அதான் எனக்கு ஞாபகம் இருக்கு."

மணியைப் பார்த்தார். துறைக் கூட்டம். எழுந்து, "வேணும்னா நீ கொஞ்சம் சரி பண்ணிக்கம்மா. உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவை மூட மறந்துவிட்டார்.

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, அவருடைய நான்கு வரிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே வழியில், குழுவின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு கடிதம் இருக்கிறது. ஒன்று, கோளாறைக் கண்டுபிடித்தது அந்த இளைஞர் என்கிறது. இப்போது அதே கையெழுத்து வந்து, இல்லை, கண்டுபிடித்தது இவர் என்றால்? ஒரே வாய் இரண்டு பேச்சுப் பேசினால் இரண்டையும்தான் அடிப்பார்கள். என்னுடையது தேறாது, அவனுடைய இடமும் போகும். அவனுடையது போகும் என்பது ஒரு நிமிடம் இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அவன் டிக்கெட் எடுத்துவிட்டான். காலையில்தான், விசா படிவத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள் அக்கா என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சீலின் நான்கு வரியையும் முதல் கடிதத்தையும் சேர்த்துப் படித்தால் ஒரு விரிசல் இல்லை. கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், காகித வேலை, உறுதுணை. அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. கூச்சத்தால் நான் என்னைக் குறைத்து எழுதிவிட்டேன் என்றுதான் பத்து நாளும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். குறைத்து எழுதவில்லை. அவர் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ, அதைத்தான் எழுதியிருக்கிறேன். அவருக்கு என்ன தெரியும் என்பதை நான்தான் ஒன்பது வருடமாக அவருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டேன்.

விசைப்பலகையைத் தூக்கி, காரின் எண்ணைப் பார்த்து, உள்ளே போனேன். அது எனக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் பார்த்தேன். நான்கு வரியையும் தட்டச்சு செய்தேன். 'உறுதுணையாக' என்ற இடத்தில் கை ஒரு கணம் நின்றது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் அந்த வரி நிமிர்ந்துவிடும். எந்தச் சொல் என்றும் தெரியும். மாற்றவில்லை. அவர் எழுதியதை எழுதியபடி ஏற்றினேன்.

கீழே அந்தக் கட்டம் காத்திருந்தது. இந்தக் கடிதத்தை நானே எழுதினேன்.

இருபத்தோராவது தடவையாக டிக் போட்டேன். இந்தத் தடவை அது உண்மை.